லைன் இருக்கிறது, நெட் இல்லை: ப்ராக்ஸி விழும்போது ஃபயர்வால் என்ன செய்ய முடியும்?

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சரக்கு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் வேண்டும். பில் போடுகிற அறையில் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை. நெட் கொடுக்கிற கம்பெனிக்குப் போன் போட்டால் "லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. பழுது லைனில் இல்லை, கம்ப்யூட்டர்களுக்கும் நெட்டுக்கும் இடைத்தரகராக உள்ளே இருக்கிற ப்ராக்ஸி சர்வரில்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஆலையிலும், விண்ணப்பத்தின் கடைசி நாளில் தருமபுரி பிரவுசிங் சென்டரிலும் இதே நிலைமை வரலாம். பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு: ஸ்டாண்ட்பை என்று இன்னொரு ப்ராக்ஸி சர்வரைக் காசு போட்டு வாங்கி வைத்திருப்பார்கள். அதுவும் ரேக்கில் விளக்கெரிய ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் ஏன் அது எடுத்துக்கொள்ளவில்லை?

இரண்டாவது சர்வர் வாங்குவது இந்த வேலையின் சுலபமான பகுதி. முதல் சர்வர் செத்துவிட்டது என்று யார் முடிவு செய்வது, டிராஃபிக்கை எந்த இடத்தில் திருப்புவது, பதில் எந்த வழியாகத் திரும்பி வரும் என்ற மூன்றும் தீர்மானமாகாத வரை ஸ்டாண்ட்பை சர்வர் கரண்ட் பில்லை ஏற்றும் ஒரு பெட்டிதான்.

ஃபயர்வால் ஒரு வேலை, ப்ராக்ஸி இன்னொரு வேலை

ஃபயர்வால் என்பது உள்வலைக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது வலையில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டையும், பார்க்கிற கருவி. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த போர்ட் (எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்) என்பதை வைத்து விடும், தடுக்கும், அல்லது வேறு பக்கம் திருப்பும்.

ப்ராக்ஸி அதற்கும் ஒரு படி மேலே. பிரவுசர் கேட்கிற பக்கத்தை அதன் சார்பாகத் தானே வெளியே போய் வாங்கி வந்து கொடுக்கும். யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று பதியும், கூடாத தளங்களைத் தடுக்கும். ஸ்குவிட் என்ற இலவச மென்பொருளைத்தான் சிறு, நடுத்தர இடங்களில் அதிகம் பார்க்கலாம். அதன் வழக்கமான போர்ட் 3128.

பிரவுசரை ப்ராக்ஸிக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் மேலே போனால் பின்னால் வருவது எதுவும் பிடிபடாது.

1. சொல்லி அனுப்புவது: ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் "ப்ராக்ஸி 192.168.50.10, போர்ட் 3128" என்று அமைத்துவிடுவது. பிரவுசருக்குத் தான் ப்ராக்ஸியிடம் பேசுகிறோம் என்று தெரியும். எந்தத் தளம் வேண்டும் என்பதைக் கோரிக்கைக்குள்ளேயே எழுதி அனுப்பும்.

2. சொல்லாமல் திருப்புவது: பிரவுசர் நேராக வெளித்தளத்துக்குத்தான் பேசுவதாக நினைக்கும். இணையப் பக்கங்களுக்கான 80, 443 போர்ட்டுக்குப் போகிற பாக்கெட்டுகளை ஃபயர்வால் வழியிலேயே மடக்கி ப்ராக்ஸி பக்கம் தள்ளிவிடும். ட்ரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி என்று சொல்வது இதைத்தான்.

ஸ்டாண்ட்பைக்குத் திருப்புவது: முறைக்கு முறை மாறும்

லினக்ஸ் ஃபயர்வாலில் ஐபிடேபிள்ஸ் அல்லது அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸ் கொண்டு இதைச் செய்வார்கள். பெட்டியாக வாங்கும் ஃபயர்வால்களில் திரையில் க்ளிக் செய்து செய்வார்கள். உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

சொல்லி அனுப்பும் முறையில் வேலை எளிது. 192.168.50.10-க்கு வருகிற பாக்கெட்டின் சேருமிட முகவரியை 192.168.50.11 என்று ஃபயர்வால் மாற்றி எழுதிவிட்டால் போதும். இதற்கு டிநாட் என்று பெயர். எந்தத் தளம் வேண்டும் என்பது கோரிக்கைக்குள் இருப்பதால் இரண்டாவது ப்ராக்ஸிக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். கம்ப்யூட்டர்களும் ப்ராக்ஸியும் ஒரே சப்நெட்டில் (உள்வலையின் ஒரே பிரிவில்) இருந்தால் அந்தப் பாக்கெட் ஸ்விட்ச் வழியாக நேரே ப்ராக்ஸிக்குப் போய்விடும். ஃபயர்வாலின் வாசலையே மிதிக்காது. வராத பாக்கெட்டை ஃபயர்வால் எப்படித் திருப்பும்? ஆகவே ப்ராக்ஸிகள் தனி சப்நெட்டில், ஃபயர்வாலின் தனி இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

சொல்லாமல் திருப்பும் முறையில் டிநாட் போட்டால் வேறு சிக்கல். பாக்கெட்டின் சேருமிடத்தை ஃபயர்வால் மாற்றி எழுதியதும், பிரவுசர் முதலில் எந்த முகவரிக்குப் போக நினைத்தது என்ற தகவல் அழிந்துவிடுகிறது. அது ஃபயர்வாலின் நினைவில் மட்டும்தான் இருக்கும், ப்ராக்ஸிக்குத் தெரியாது. ஸ்குவிட் 3.2 பதிப்பிலிருந்து, பிரவுசர் சொல்லும் தளப் பெயரும் உண்மையான சேருமிட முகவரியும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறது. முன்பு இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த மாற்றம் அது. முகவரி மாற்றம் வேறொரு பெட்டியில் நடந்திருந்தால் ஸ்குவிட்டுக்கு சேருமிடமாகத் தன் முகவரியே தெரியும். பிறகு தனக்குத்தானே கோரிக்கை அனுப்பிச் சுற்றும்.

இதற்குச் சரியான வழி பாலிசி ரூட்டிங். ஃபயர்வால் பாக்கெட்டின் முகவரியைத் தொடாமல், அதன் மேல் ஒரு குறி மட்டும் போடும். குறி போட்ட பாக்கெட்டுக்கு அடுத்த ஹாப் (அடுத்துப் போக வேண்டிய பெட்டி) ப்ராக்ஸி என்று தனி ரூட்டிங் டேபிளில் எழுதியிருக்கும். பாக்கெட் முகவரி மாறாமல் ப்ராக்ஸி பெட்டிக்கு வந்து சேர, அந்தப் பெட்டிக்குள்ளேயே அதை ஸ்குவிட்டின் போர்ட்டுக்குத் திருப்புவார்கள். முதல் ப்ராக்ஸி விழுந்தால் அந்த ரூட்டிங் டேபிளில் ஒரே ஒரு வரி, அடுத்த ஹாப், மாறினால் போதும். ஃபோர்டிகேட், பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால்களிலும் பாலிசி ரூட்டிங் வசதி இருக்கிறது.

ஸ்டாண்ட்பை இருந்தும் எடுக்காமல் போவதற்கான காரணங்களில் நான் முதலில் தேடச் சொல்வது ஒரு சப்பையான விஷயத்தை. ஃபயர்வாலில் "80, 443-க்கு வெளியே போக ப்ராக்ஸிக்கு மட்டும் அனுமதி" என்று ஒரு விதி இருக்கும். "ப்ராக்ஸியிலிருந்து வருகிற பாக்கெட்டைத் திருப்பாதே" என்று இன்னொன்று இருக்கும். இரண்டிலும் முதல் சர்வரின் முகவரி மட்டும் எழுதியிருக்கும். இரண்டாவதைச் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது. முதல் விதியில் விடுபட்டால் ஸ்டாண்ட்பை வெளியே போகவே முடியாது. இரண்டாவதில் விடுபட்டால் ஸ்டாண்ட்பை வெளியே அனுப்பும் கோரிக்கையையே ஃபயர்வால் மடக்கி, திரும்ப அதனிடமே கொடுக்கும். சர்வர் நன்றாக ஓடும், சிபியு கொதிக்கும், ஒரு பக்கம் கூடத் திறக்காது.

பதில் வந்த வழியே திரும்ப வேண்டும்

அவசரத்துக்கு அலுவலக வலையில் இருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஸ்குவிட் போட்டு, அதையே ஸ்டாண்ட்பை ஆக்குவது உண்டு. அதன் முகவரி 192.168.10.200 என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டர் 192.168.10.25. பில் கம்ப்யூட்டர் வழக்கம்போல 192.168.50.10-ஐக் கூப்பிடுகிறது. ஃபயர்வால் அதை 192.168.10.200-க்குத் திருப்புகிறது. அந்த ஸ்டாண்ட்பை பதில் அனுப்பும்போது, பில் கம்ப்யூட்டர் தன் பக்கத்திலேயே ஒரே சப்நெட்டில் இருப்பதைப் பார்த்து, ஃபயர்வாலுக்குப் போகாமல் நேராகக் கொடுத்துவிடும். பில் கம்ப்யூட்டருக்கோ 50.10-இலிருந்து பதில் வர வேண்டும். 10.200 என்ற முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வந்ததும் தொடர்பை முறித்துவிடும்.

இதைச் சமாளிக்க, போகிற பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியையும் ஃபயர்வாலின் முகவரியாக மாற்றிவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் ப்ராக்ஸியின் பதிவில் எல்லாக் கோரிக்கையும் ஃபயர்வாலிலிருந்தே வந்ததாகப் பதியும், யார் எங்கே போனார்கள் என்பது காணாமல் போகும். இரண்டு ப்ராக்ஸிகளையும் ஒரே தனி சப்நெட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே ஒழுங்கான தீர்வு.

செத்ததா, உயிரோடு இருக்கிறதா?

இந்த முடிவை இயந்திரம் எடுக்க வேண்டும். ஆள் எடுப்பதென்றால் ராத்திரி ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் போய்விடும். சோதனையில் பல தரம் உண்டு.

1. பிங்: பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். ஸ்குவிட் நின்று போய் லினக்ஸ் மட்டும் ஓடினாலும் பிங் பதில் தரும். இதை மட்டும் நம்புவது வீண்.

2. போர்ட் சோதனை: 3128-இல் டிசிபி தொடர்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது. பிங்கை விடப் பரவாயில்லை. ஆனால் ஸ்குவிட் உறைந்து நின்றாலும் லினக்ஸ் கர்னல் அதன் சார்பில் தொடர்பை ஏற்றுக்கொள்ளும். கதவு திறக்கும், உள்ளே ஆள் இல்லை. இந்த மாதிரி உறைந்த நிலையில்தான் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

3. பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது: ப்ராக்ஸி வழியாக ஒரு சிறு பக்கத்தைக் கேட்டு, சரியான பதில் குறிப்பிட்ட வினாடிக்குள் வருகிறதா என்று பார்ப்பது. நம்பத்தக்கது இதுதான்.

மூன்றாவது சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. கேட்கிற பக்கம் வெளி இணையத்தில் இருந்தால், லைனே போனாலும் சோதனை தோற்கும். சாலை வேலைக்குத் தோண்டும் பொக்லைன் ஃபைபரை வெட்டியதும் ஃபயர்வால் "முதல் ப்ராக்ஸி செத்தது" என்று முடிவு செய்து இரண்டாவதற்குப் போகும். அதுவும் தோற்கும், மீண்டும் முதலுக்கு வரும், இப்படியே ஊஞ்சல் ஆடும். அதனால் ஃபயர்வால் நேரடியாகவும் ஒரு வெளித்தளத்தைச் சோதிக்க வேண்டும். நேரடியாகவும் வரவில்லை என்றால் குற்றம் லைனில், ப்ராக்ஸியைத் தொடாதே. நேரடியாக வருகிறது, ப்ராக்ஸி வழியாக வரவில்லை என்றால் மட்டும் திருப்பு.

ஒரு தடவை தோற்றதும் திருப்புவதும் தப்பு. பல சர்வர்களுக்கு டிராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் ஹெச்ஏப்ராக்ஸி என்ற மென்பொருளின் இயல்பு அமைப்பு நல்ல முன்மாதிரி: 2 வினாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 முறை தோற்றால் செத்தது, தொடர்ந்து 2 முறை வென்றால் உயிர் வந்தது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொடர்புகள்

விதியை மாற்றியாயிற்று, புதிய ப்ராக்ஸி வேலை செய்கிறது, ஆனாலும் சில கம்ப்யூட்டர்களில் மட்டும் பக்கம் வரவில்லை. இது அடுத்த குழப்பம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் மேலேயே வண்டிகளை நிறுத்தி வேறு வழி காட்டலாம். ஏற்கெனவே இறக்கத்தில் இறங்கிவிட்ட வண்டிகளுக்கு அது உதவாது. இங்கேயும் அப்படித்தான். டிநாட் முறையில் லினக்ஸ் ஃபயர்வால் ஒரு தொடர்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் திருப்பும் விதியைப் பார்க்கும். அந்த முடிவைக் கனெக்ட்ராக் என்ற பட்டியலில் எழுதி வைத்து, அடுத்தடுத்த பாக்கெட்டுகளுக்கு அதையே பின்பற்றும். நிலைபெற்ற டிசிபி தொடர்புக்கு அந்தப் பட்டியலில் இயல்பான ஆயுள் 4,32,000 வினாடி. அதாவது 5 நாள்.

பிரவுசர் அவ்வளவு நேரம் காத்திருக்காது, முன்பே கைவிட்டுவிடும். ஆனால் பில் போடுகிறவருக்கு இரண்டு நிமிடமே பெரிது. ஆகவே திருப்பும் ஸ்கிரிப்ட்டில் செத்த ப்ராக்ஸிக்கான பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளையும் சேர்ந்தே இருக்க வேண்டும். அழித்தபின் வருகிற பாக்கெட் புதிய ப்ராக்ஸிக்குப் போகும். அதற்கு அந்தத் தொடர்பு அடையாளம் தெரியாது, உடனே முறித்துவிடும். பிரவுசர் புதிதாகக் கூப்பிடும், வேலை நடக்கும். பாதியில் நின்ற டவுன்லோடு போனது போனதுதான். ஒரு ப்ராக்ஸியின் திறந்த தொடர்பை இன்னொன்று அப்படியே வாங்கி நடத்த முடியாது. "ஒரு வினாடி கூடத் தடங்கல் இருக்காது" என்று யாராவது கொட்டேஷனில் எழுதினால் அதை எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள்.

ஃபயர்வாலைத் தொடாமலும் செய்யலாமே?

செய்யலாம். இரண்டு வழிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது விஆர்ஆர்பி. இரண்டு ப்ராக்ஸிகளும் சேர்ந்து ஒரு பொது முகவரியை வைத்துக்கொள்ளும். முதன்மை சர்வர் "இருக்கிறேன்" என்று வினாடிக்கு ஒரு முறை அறிவிக்கும். அறிவிப்பு நின்று 3 முதல் 4 வினாடிக்குள் மற்றது அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலுக்கு எப்போதும் ஒரே முகவரிதான், எதையும் மாற்ற வேண்டாம். லினக்ஸில் கீப்அலைவ்டு என்ற மென்பொருள் இதைச் செய்யும். ஆனால் பெட்டி ஓடுகிற வரை அறிவிப்பும் போய்க்கொண்டிருக்கும், ஸ்குவிட் செத்திருந்தாலும். மேலே சொன்ன மூன்றாவது சோதனையை ஸ்கிரிப்ட்டாக எழுதி இதோடு கோக்க வேண்டும். இரண்டு சர்வரும் ஒரே இடத்தில் இருக்கிற சிறு கம்பெனிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாவது பிஏசி கோப்பு. முதலில் இந்த ப்ராக்ஸி, இல்லாவிட்டால் அது என்று பிரவுசருக்கே எழுதிக் கொடுப்பது. பழைய முறை, 1996-இல் நெட்ஸ்கேப் காலத்தில் வந்தது. பிரவுசர் தவிர்ந்த மென்பொருள்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். செத்ததாகக் குறித்த ப்ராக்ஸியை ஃபயர்ஃபாக்ஸ் 30 நிமிடம் வரை திரும்பிப் பார்க்காது.

எச்டிடிபிஎஸ் கொண்டுவரும் இரண்டு தொல்லைகள்

இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ். உள்ளடக்கம் பூட்டியே வரும். பூட்டைத் திறந்து சோதிக்கிற ப்ராக்ஸி என்றால், அதன் சான்றிதழை எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் நிறுவியிருப்பார்கள். ஸ்டாண்ட்பை தனக்கென்று வேறு சான்றிதழ் வைத்திருந்தால், மாறிய மறு நொடி ஒவ்வொரு திரையிலும் சிவப்பு எச்சரிக்கை வரும். இரண்டிலும் ஒரே சான்றிதழ் அதிகாரம் இருக்க வேண்டும். அதுவும் ஒரே நாளில் காலாவதி ஆகும் என்பதால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது, அன்றைக்கு ஸ்டாண்ட்பையும் கைகொடுக்காது.

இன்னொன்று க்விக். எச்டிடிபி 3 பயன்படுத்தும் தளங்கள் டிசிபிக்குப் பதில் யுடிபி என்ற வேறு அனுப்பும் முறையில், யுடிபி 443 வழியாகப் பேசும். க்விக் 2021 மே மாதத்தில் தரமாக அறிவிக்கப்பட்டது. டிசிபி 443-ஐ மட்டும் திருப்பும் ஃபயர்வாலில் இது அப்படியே வெளியே ஓடிவிடும். யுடிபி 443-ஐத் தடுத்தால் பிரவுசர் தானாக டிசிபிக்கு இறங்கி வரும். நெட் கம்பெனி ஐபிவி6 முகவரியும் கொடுக்கிறது என்றால் அதற்கும் தனி விதி எழுத வேண்டும். ஐபிவி4-க்கு எழுதியது அதற்குப் பொருந்தாது.

இரண்டும் விழுந்தால்?

இரண்டும் ஒன்றாக விழ வாய்ப்பு குறைவு என்று நினைப்போம். ஒரே யுபிஎஸ், ஒரே ஸ்விட்ச், ஒரே நாளில் இரண்டிலும் ஏற்றிய தப்பான தடைப்பட்டியல், ஒரே வேகத்தில் நிரம்பும் பதிவு டிஸ்க் என்று வைத்திருந்தால் வாய்ப்பு ஒன்றும் குறைவில்லை. பதிவு எழுத இடம் இல்லை என்றால் ஸ்குவிட் நின்றே விடும்.

அப்போது ஃபயர்வால் என்ன செய்ய வேண்டும்? எல்லாரையும் நேராக வெளியே விடுவதா, எல்லாவற்றையும் மூடுவதா? இதை ஃபயர்வால் அமைக்க வருகிறவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது, நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட லேப் என்றால் மூடுவதே சரி. குழந்தைகள் உட்காரும் இடத்தில் வடிகட்டி இல்லாத நெட் வேண்டாம். தொழிற்சாலைக்கு நான் நடுவழியைச் சொல்வேன்: இ-வே பில், ஜிஎஸ்டி, வங்கி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தளங்களுக்கு மட்டும் நேர்வழி, மற்றதெல்லாம் மூடல். முழுக்க மூடினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யாராவது செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு பில்லை எடுத்துவிடுவார்கள். லாரி கிளம்பிவிடும், அந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தடையும் பதிவும் இல்லாமல் இணையத்தில் நின்றிருக்கும்.

ஸ்டாண்ட்பையின் பதிவும் பதிவுதான்

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை என்டிபி மூலம் ஒத்திசைக்கவும் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-இன் சைபர் கஃபே விதிகள் தனியாக இருக்கின்றன. அதில் ப்ராக்ஸி சர்வரின் பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஸ்டாண்ட்பை ஓடிய அரை மணி நேரமும் இதில் அடங்கும். இரண்டு சர்வரின் பதிவும் மூன்றாவதாக ஓர் இடத்தில் சேரும்படி வைத்தால், எது எப்போது ஓடியது என்று தோண்ட வேண்டியதில்லை.

சோதித்துப் பார்ப்பது

கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது எல்லா அமைப்பும் தேறிவிடுகிற சோதனை. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் இந்த நான்கையும் செய்யலாம்:

1. ஸ்குவிட்டை மட்டும் நிறுத்துங்கள், பெட்டி ஓடட்டும்.

2. ஸ்குவிட்டைக் கொல்லாமல் உறைய வையுங்கள். லினக்ஸில் ஸ்டாப் சிக்னல் அனுப்பினால் அப்படியே நிற்கும். போர்ட் சோதனையை மட்டும் நம்பிய அமைப்பு இங்கே மாட்டிக்கொள்ளும்.

3. வெளி லைனைப் பிடுங்குங்கள். ப்ராக்ஸி மாறவே கூடாது.

4. ஸ்டாண்ட்பையில் ஓடும்போது வங்கித் தளத்தில் உள்நுழைந்து, முதல் சர்வரைத் திரும்ப உயிர்ப்பியுங்கள். டிராஃபிக் உடனே பழைய இடத்துக்குத் தாவினால் வேலை பாதியில் அறுபடலாம். பழுது பார்த்து முடியாத சர்வர் எழுந்து எழுந்து விழுந்தால் ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கீப்அலைவ்டில் தானாகத் திரும்பாதே என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, திருப்புவதை இரவில் ஷிஃப்ட் மாறும் இடைவெளியில் ஆள் கையாலேயே செய்யலாம்.